ஓடீல் வீட்டுக் கூரை எங்கே?

அத்தியாயம் ஐந்து

"வீடு எங்கேம்மா?" என்று கேட்ட பிறகுதான் வில்பர்ட் ஷாம்பெய்ன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வீட்டின் எதிரில்தான் நின்றிருந்தான். இடுப்புயரச் செங்கல் தூண்கள் இரண்டு வரிசையாக நின்றன. அவற்றின் மேல் ஒன்றுமில்லை. வாசற்படிகள் மட்டும் பத்திரமாக இருந்தன. ஏறினால் நேரே ஆகாயத்துக்குள் போகலாம்.

"அதைத்தான் ஷா நாங்களும் தேடிக்கிட்டு இருக்கோம்," என்றாள் ஓடீல் வெர்டான். அந்தக் கரையில் 'கண்ணு' என்பதற்கு 'ஷா'. வீடு போனாலும் உபசாரம் போகவில்லை. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஸ்டவ் வைத்து, சிக்கரி தூக்கலாகக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். இறால் படகில் வலை இழுத்துத் திரண்ட தோள். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தாள்.

தார்ப்பாயின் மறுகோடியில், மடக்குக் கட்டிலில், அவள் கணவர் க்ளோவிஸ் படுத்திருந்தார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே கட்டு. கட்டின் விளிம்பில் மஞ்சள் கசிந்து, ஈ மொய்த்தது. காய்ச்சலில் கண் செருகியிருந்தது. சேறு படாத தரையில், ஈ அண்டாத அறையில் படுக்க வைக்காவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் முந்தாநாள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். புயலில் தப்பிய சேறில்லாத தரை அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை.

"எப்படி அடிபட்டுது?" ஸெனோபி ஆர்சனோ கேட்டாள்.

"ஊரைக் காலி பண்ணச் சொல்லி ஆர்டர் வந்துதில்ல, அன்னிக்கு டிரக்குல சாமான் ஏத்தும்போது விழுந்துட்டார்," என்றாள் ஓடீல், ஸ்டவ்வைப் பார்த்தபடி.

ஸெனோபி தலையாட்டினாள். ரப்பர் பூட்ஸ், நரைத்த கிராப்பு, சட்டைப் பையின் மேல் குத்திய அடையாள வில்லை. லூசியானா மாநில இன்ஷூரன்ஸ் துறை, மோசடிப் பிரிவு என்று அதில் எழுதியிருந்தது. கரையோர மக்கள் அந்த வில்லையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். கம்பெனிக்காரர்கள் அதைவிட மோசமாகப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் பயப்படுகிற உத்தியோகம் ஒழுங்கான உத்தியோகம் என்பது ஸெனோபியின் கொள்கை. அவளுடைய உதவியாளன் வில்பர்ட்டுக்குக் கொள்கை கிடையாது, பசி மட்டும்தான்.

"ஷெனியே மோரோ ஊர் முழுக்கவே இதே கதைதானா?" என்றாள் ஸெனோபி.

"ஊர் முழுக்க. டல்லிவர் மியூச்சுவல் கம்பெனி ஆளு ஹாஸ்கல் சொல்றார், காத்து உங்க வீட்டைத் தொடவே இல்ல, கடல் தண்ணிதான் தூக்கிட்டுப் போச்சுன்னு. எங்ககிட்ட இருக்கறது காத்துக்குப் பாலிசி. தண்ணிக்கு வேற வாங்கணும். அதை வாங்க எங்களுக்கு ஏது வசதி?" ஓடீல் காப்பியை நீட்டினாள். "பாவப்பட்டு ஒரு சின்னத் தொகை தர்றாராம். பழைய டிரெய்லர் வீடு ஒண்ணு வாங்கலாம். இன்னிக்குச் சாயங்காலம் ஊர்க் கூடத்துல கையெழுத்துப் போடணும். போடலைன்னா அதுவும் இல்ல."

"போட்டுடு ஓடீல்," என்று கட்டிலிலிருந்து முனகல் வந்தது. "போதும். போட்டுடு."

வில்பர்ட் காப்பியைக் கீழே வைத்தான். காற்று முழு வீட்டையும் அழித்தது என்று ஆகிவிட்டால், பாலிசியில் எழுதிய முழுத் தொகையையும் பேரம் பேசாமல் கொடுத்தாக வேண்டும். அது இந்த மாநிலத்துச் சட்டம். புது வீடே கட்டிவிடலாம். ஆனால் 'எல்லாம் தீர்ந்தது, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதன் பிறகு மாநிலமே திரண்டு வந்தாலும் கதவு திறக்காது. அவன் அறிந்தவரை அப்படித்தான்.

"காத்துதான் முதல்ல வந்துதுன்னு காட்ட ஏதாவது ஒண்ணு வேணும்," ஸெனோபி சொன்னாள். "கூரை எந்த நிறம்?"

"பச்சைத் தகரம். படகுக்கு அடிச்ச மிச்சப் பெயிண்ட்டு. ஊர்ல வேற யாருக்கும் அந்த நிறம் கிடையாது."

"பரண்ல என்ன இருந்துது?"

"எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதான். ஒரு கோடரி." தண்ணீர் பரண் வரை ஏறினால் கூரையைப் பிளந்துகொண்டு வெளியே வர, அந்தக் கரையில் பரணில் கோடரி மாட்டாத வீடு கிடையாது. "பிடியில க்ளோவிஸ் வலைக்கயிறு சுத்தியிருப்பார். எல்லாம் வடக்கே போயிருக்கும் மிஸ் ஸெனோபி. தண்ணி தெற்கேருந்து வந்துது, எல்லாத்தையும் வடக்கே தள்ளிடுச்சு. சதுப்புக்காட்டு ஓரமாத் தேடுங்க."

தெற்கே, கடல் பக்கம், மாதா கோயிலின் கோபுரம் குடிகாரனைப் போலச் சாய்ந்து நின்றது. வில்பர்ட் பேச்சை மாற்ற நினைத்தான். "கோயில் மணி விழாம இருக்கே, அதுவே பெரிய விஷயம்."

"அதை ஏன் கேக்கறே ஷா! அன்னிக்குச் சாயங்காலம் பூரா தன்னால அடிச்சுக்கிட்டே இருந்துது. சாவு மணி மாதிரி. அப்புறம் கோபுரம் சாஞ்சதும் டக்குன்னு நின்னுடுச்சு. நின்னதுதான் இன்னும் பயமா..." ஓடீல் சட்டென்று நிறுத்தினாள். "காப்பி ஆறுது. குடி."

*

வடக்கே எல்லாம் இருந்தது. ஓடீலின் கூரை மட்டும் இல்லை.

சதுப்புக்காட்டு ஓரத்தில் ஊரே குப்பையாகக் குவிந்து கிடந்தது. ஃபிரிட்ஜ்கள், நண்டுப் பொறிகள், ஒரு பியானோ, ஒற்றைக் கால் செருப்புகள். ஆட்கள் கம்பு வைத்துக் கிளறி அவரவர் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கல்யாணப் போட்டோ ஒன்றைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம கல்யாணம் இல்லை" என்று மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

வில்பர்ட் மூன்று முறை சேற்றில் விழுந்தான். "மிஸ் ஸெனோபி, நீலத் தகரம் இருக்கு, சிவப்பு இருக்கு, கோழிக்கூண்டு இருக்கு. பச்சை மட்டும் ஓடிப்போச்சு. இனிமே நான் விழுந்தா என்னையும் குப்பையில சேத்துடுவாங்க."

ஸெனோபி குப்பையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷாம்பெய்ன், ஊர் காலியானப்போ ஓடீல் எங்க இருந்தா?"

"மேல, நகரத்துல. பள்ளிக்கூட முகாம்ல. சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்காங்க. காருல போனாக்கூட ரெண்டு மணி நேரம்."

"அங்கேருந்து இந்தக் கோயில் மணி கேக்குமா?"

வில்பர்ட் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தான். "எங்க மாமியார் கத்தினா கேக்கும். மணி கேக்காது."

"அடிச்சதையும் சொன்னா, எப்ப நின்னுதுன்னும் சொன்னா. அவ இங்கேதான் இருந்தா. இருந்துக்கிட்டே நம்மளை வடக்கே அனுப்பினா." ஸெனோபி பூட்ஸைச் சேற்றிலிருந்து பிடுங்கினாள். "அப்போ எது வடக்கே இல்லையோ, அது தெற்கே இருக்கு. வா, கோயிலுக்குப் போவோம்."

"சாயங்காலம் கையெழுத்து இருக்கே!"

"அதான் ஓடுன்னு சொல்றேன்."

*

கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துக்குள் புயலுக்குப் பிறகு யாரும் காலடி வைக்கவில்லை. வெள்ளம் சவப்பெட்டிகளைக் கிளப்பி வெளியே போட்டிருந்தது. பாதிரியார் வந்து மந்திரித்து, எல்லோரையும் திரும்ப அவரவர் இடத்தில் வைக்கும்வரை உள்ளே போகக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. அதனால்தான் அங்கே இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு பெரிய ஓக் மரங்களுக்கு நடுவே, பக்கத்தில் பக்கத்தில் தரைக்கு மேல் இடுப்புயரம் கட்டிய இரண்டு கல்லறைகளின் மேல், ஒரு கூரை குடை கவிழ்ந்தமாதிரி உட்கார்ந்திருந்தது. தகரத்தின் ஓரம் மரத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்ததால் வெள்ளம்கூட அதை அசைக்கவில்லை. பச்சைத் தகரம். படகுக்கு அடித்த மிச்சம்.

"கிடைச்சுடுச்சு!" வில்பர்ட் குதித்தான். "மிஸ் ஸெனோபி, இது வீட்டுக்குத் தெற்கே இருக்கு! தண்ணி தெற்கேருந்து வடக்கே போச்சு. புயல் கரையேறும் முன்னாடி காத்து மட்டும்தான் வடகிழக்கேருந்து அடிச்சுது. காத்துதான் இதைத் தூக்கிட்டு வந்திருக்கு!"

"அவசரப்படாதே. வந்த வெள்ளம் திரும்பக் கடலுக்குப் போச்சில்ல? போகும்போது இழுத்துட்டு வந்துதுன்னு ஹாஸ்கல் சொல்லுவான்." அவள் தகரத்தின் மேல் ஏறினாள். ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூரையில் ஓர் ஓட்டை. ஆள் நுழையும் அளவு. தகரம் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. உள்ளேயிருந்து கோடரியால் பிளந்த ஓட்டை. கோடரியும் அங்கேயே இருந்தது, உத்தரத்தில் ஆழப் பதிந்து. பிடியில் வலைக்கயிறு.

வில்பர்ட்டின் முகம் தொங்கிப்போயிற்று. கரையோரத்துக் குழந்தைக்குக்கூட அந்த ஓட்டையின் அர்த்தம் தெரியும். வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது, ஆட்கள் பரணுக்கு ஏறினார்கள், பரணிலும் தண்ணீர் வந்ததும் கூரையைப் பிளந்தார்கள். அதாவது, வீடு நின்றுகொண்டிருந்தபோதே தண்ணீர் வந்துவிட்டது.

"போச்சு," என்றான். "கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுடுச்சு. கம்பெனி கட்சிக்கு நாமளே சாட்சி தேடிக் குடுத்துட்டோம். மிஸ் ஸெனோபி... நாம இங்க வரவே இல்லைன்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்க முடியாது."

"அந்தக் கால் அழுகிட்டு இருக்கு!"

"தெரியும்டா!" ஸெனோபியின் குரல் உடைந்தது. அவன் அவளிடம் வேலை பார்த்த காலத்தில் அப்படி உடைந்து கேட்டதில்லை. "தெரியும். ஆனா நான் யாருக்குப் பிடிச்சதைக் கண்டுபிடிக்கணும்னு மாநிலம் எனக்குச் சொல்லலை. இருக்கறதைக் கண்டுபிடின்னுதான் சொல்லியிருக்கு."

அவள் கூரைக்கு அடியில் குனிந்து, இரண்டு கல்லறைகளுக்கு நடுவே இருந்த சந்தில் ஊர்ந்து போனாள். வில்பர்ட், அடுத்த மனிதரின் சவப்பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி தள்ளி நின்றுகொண்டான்.

"ஷாம்பெய்ன்! அந்தக் கோடரியோட முனை எப்படி இருக்கு? பிடுங்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோ."

அவன் எடுத்தான். பிறகு பிடுங்கினான். "ஒரு மூலை உடைஞ்சிருக்கு. சோளக்கொட்டை அளவு காணோம்."

"அந்தச் சோளக்கொட்டை இங்க இருக்கு. வா, பாரு."

ஊர்ந்து போய்ப் பார்த்தான். சகல புனிதர் திருநாளுக்கு ஊர்க்காரர்கள் வருஷாவருஷம் சுண்ணாம்படிக்கும் கல்லறைச் சுவர். அதில் முழங்கால் உயரத்தில், ஓட்டைக்கு நேர் கீழே, நாலைந்து புது வெட்டு. வெள்ளைக்குள்ளிருந்து செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. ஒரு வெட்டில், செங்கல்லுக்குள் செருகிக்கொண்டு, இரும்புத் துண்டு.

"இடம் போதாம, படுத்த வாக்குல கோடரியை ஓங்கியிருக்காங்க. தகரத்துல பட்டு வழுக்கினப்பெல்லாம் கல்லறையில விழுந்திருக்கு. இந்த ஓட்டை பரண்ல போட்டதில்லை. கூரை இங்க வந்து விழுந்த பிறகு, இங்கேயே போட்டது."

"அப்போ வீட்டை விட்டு ஓடி..."

"ஊர்லயே மேடான இடம் கல்லறைத் தோட்டம்தான். வீடு ஆட ஆரம்பிச்சதும் இங்க ஓடி வந்து, கல்லறை மறைவுல படுத்திருக்காங்க. பின்னாலயே கூரை பறந்து வந்து மேல விழுந்திருக்கு. கோடரி உத்தரத்துலயே தொங்கிட்டு இருந்திருக்கும், மூஞ்சிக்கு நேரா." ஸெனோபி வெளியே வந்து ஓக் மரத்தைக் காட்டினாள். வில்பர்ட்டின் தலைக்கு மேல் கை எட்டாத உயரத்தில் சேற்றுக் கோடு. "தண்ணி அது வரைக்கும் ஏறியிருக்கு. வெட்டு முழங்கால் உயரத்துல இருக்கு. தண்ணிக்குள்ள எவனாவது கோடரி ஓங்க முடியுமா?"

வில்பர்ட்டுக்கு மயிர் கூச்செறிந்தது. "தண்ணி வடிஞ்ச பிறகு வெட்டியிருந்தா?"

"வடியற வரைக்கும் இதுக்கு அடியில மாட்டிக்கிட்டு இருந்தவங்க செத்திருப்பாங்க. செத்தவங்க கோடரி பிடிக்கறதில்லை."

"இந்த இடத்துல நின்னுக்கிட்டு அதை அவ்வளவு சத்தமா சொல்லாதீங்க." சுற்றிலும் பார்த்துக்கொண்டான். "சரி, எல்லாம் முடிஞ்ச பிறகு ஓடீலே வந்து பொய்யா ஓட்டை போட்டிருந்தா? ஹாஸ்கல் கேப்பான்."

"அப்படின்னா நம்ம கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து காட்டியிருப்பா. வடக்கே அனுப்பியிருக்க மாட்டா." ஸெனோபி நெற்றியைச் சுருக்கினாள். "தண்ணிக்கு முன்னாடியே கூரை இங்க இருந்துது. காத்துதான் வீட்டை எடுத்தது. அதைக் கண்ணால பார்த்தவ அவ. அந்த ஒரு வார்த்தை சொன்னா புது வீடு. ஏன் சொல்லலை?"

வெயில் சாய்ந்திருந்தது. இருவரும் ஓடினார்கள்.

*

ஊர்க் கூடத்தில், காயாத சேற்றில், வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. யாரும் பேசவில்லை. இழவு வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும். மேஜைக்குப் பின்னால் இஸ்திரி கலையாத சட்டையில் ஹாஸ்கல் உட்கார்ந்திருந்தான். ஒஹையோக்காரன். புயலுக்குப் பிறகு உள்ளூர் நஷ்ட மதிப்பீட்டாளர்கள் போதவில்லை என்று மாநிலம் அவசர லைசன்ஸ் கொடுத்து உள்ளே விட்டவர்களில் ஒருவன்.

ஓடீல் மேஜையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். கையில் பேனா இல்லை. காகிதம் ஹாஸ்கலின் கையில் இருந்தது. மை இன்னும் காயவில்லை.

வில்பர்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது என்பார்களே, அது இதுதான்.

"வாங்க மேடம்," என்றான் ஹாஸ்கல், எழுந்து நின்று. "கொஞ்சம் லேட்டாயிட்டீங்க."

ஸெனோபி அவனைப் பார்க்கவில்லை. வில்பர்ட்டின் கையிலிருந்த கோடரியை வாங்கி ஓடீலிடம் காட்டினாள். "மிஸ் ஓடீல், இது உங்களுதா?"

ஓடீல் துணி சுற்றிய கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"கல்லறைத் தோட்டத்துல கூரை கிடைச்சுது. அதுல உள்ளேயிருந்து வெட்டின ஓட்டையும் இருக்கு."

"ஓட்டையா?" ஹாஸ்கலின் கண் மின்னியது. "அப்போ தண்ணி பரண் வரைக்கும் ஏறியிருக்கு. நான் சொன்னதை நீங்களே நிரூபிச்சுட்டீங்க, நன்றி. ஆனா இந்தம்மாவா இருக்க முடியாது. புயல் அன்னிக்கு இவங்க ஊர்லயே இல்லை. சத்தியம் பண்ணி எழுதியிருக்காங்க."

"கோயில் மணி எப்ப நின்னுது, மிஸ் ஓடீல்?" என்றாள் ஸெனோபி.

ஓடீல் ஸெனோபியைப் பார்க்கவில்லை. ஹாஸ்கலைப் பார்த்தாள். அடிக்கப் போகிறவனின் கையைப் பார்க்கிற பார்வை.

"எதுக்கு அவரைப் பாக்கறீங்க?"

"சொன்னா எல்லாமே போயிடும் மிஸ் ஸெனோபி."

"எது போயிடும்?"

"பாலிசி!" அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. "தங்கினவங்களுக்குச் சல்லிக்காசு கிடையாதுன்னு அவர்தானே சொன்னார்! முதல் நாளே, இதே கூடத்துல! காலி பண்ணுன்னு அரசாங்கம் ஆர்டர் போட்டும் தங்கினா பாலிசி ரத்தாம். நாங்க தங்கினோம். க்ளோவிஸ் படகை விட்டுட்டு வர மாட்டேன்னுட்டார். நான் அவரை விட்டுட்டுப் போவேனா? சாயங்காலம் சுவர் பிரிஞ்சு பறந்துது. அப்போ ஒரு சொட்டு தண்ணி கிடையாது. கல்லறைக்கு ஓடினோம். கூரை பின்னாலயே வந்து அவர் காலை நசுக்கிடுச்சு. கையிலிருக்கற தோல் பூரா உரிய உரிய வெட்டினேன். வெளிய வந்து, அவரை மரத்துல ஏத்திக் கயித்தால கட்டின அப்புறம்தான் கடல் வந்துது." மூச்சு வாங்கியது. "நீங்க மோசடிப் பிரிவுன்னு மாட்டிக்கிட்டு வந்தீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்வேன்? இப்ப சொல்லிட்டேன். பொய்ச் சத்தியம் பண்ணினதுக்குப் பிடிச்சுட்டுப் போங்க. ஆனா க்ளோவிஸுக்கு ஒரு தரை குடுத்துட்டுப் போங்க."

ஹாஸ்கல் காகிதத்தை எடுத்துப் பையில் வைத்தான்.

"நான் அப்படியெல்லாம் சொல்லவேயில்லை," என்றான் ஹாஸ்கல் நிதானமாக. "இந்தம்மா ஏற்கெனவே பொய்ச் சத்தியம் பண்ணினவங்க. இவங்க வார்த்தைக்கு என்ன மதிப்பு? காகிதத்துல கையெழுத்து இருக்கு."

அது உண்மைதான். ஸெனோபி மெல்ல வரிசையின் பக்கம் திரும்பினாள். ஒரு முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வில்பர்ட்டுக்கும் விளங்கியது. இந்த ஊரில் ஒருவன்கூட ஏன் 'நான் பார்த்தேன்' என்று சொல்லவில்லை என்று.

"இந்த மாநிலத்துல ஒரு கம்பெனி பாலிசி விக்கணும்னா, அதுல இருக்கற ஒவ்வொரு வரியையும் முதல்ல எங்க துறையில தாக்கல் பண்ணி ஒப்புதல் வாங்கணும்," என்றாள் கூடத்தைப் பார்த்து. "டல்லிவர் பாலிசியை நான் வரிக்கு வரி படிச்சிருக்கேன். தங்கினா பணம் இல்லைன்னு அதுல ஒரு வரிகூட கிடையாது. சட்டத்துலயும் கிடையாது. உங்களுக்குச் சொன்னது பொய். பார்த்த சாட்சி அத்தனை பேர் வாயையும் ஒரே பொய்யால தைச்சுட்டு, அப்புறம் தண்ணி மேல பழியைப் போட்டிருக்கார். இப்ப நான் கேக்கறேன். இதே கூடத்துல அந்தப் பேச்சை வேற யாரு கேட்டது? யாரெல்லாம் தங்கினீங்க?"

யாரும் அசையவில்லை. வில்பர்ட் தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நகைச்சுவையும் தோன்றாமல் இருந்தான்.

வரிசையின் நடுவிலிருந்து ஒரு கிழவர், நண்டு பிடிக்கிற அடெலார் நாக்கேன், தொப்பியைக் கழற்றினார். தொப்பி பிடித்த கையை அப்படியே உயர்த்தினார்.

"நான் தங்கினேன். அந்தப் பேச்சு என் காதுல விழுந்துது. என் வீடு என் கண்ணு முன்னாடி காத்துல போச்சு."

அவருக்குப் பின்னால் ஒரு பெண் கை தூக்கினாள். அவள் புருஷன் அவளைப் பார்த்துவிட்டு அவனும் தூக்கினான். பிறகு வாசல் பக்கம் ஒன்று. சுவரோரம் இரண்டு. கொஞ்ச நேரத்தில் தூக்காத கையைத் தேட வேண்டியிருந்தது. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் ஊரே சேர்ந்து தன் வீடுகளைத் தொலைத்துக்கொண்டிருந்தது.

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன," என்று முணுமுணுத்துவிட்டு, ஊர்க்காரனே இல்லாத வில்பர்ட்டும் ஒரு கையைத் தூக்கினான். ஸெனோபி முறைத்ததும் இறக்கினான்.

"மிஸ்டர் ஹாஸ்கல்," என்றாள் அவள். "பாலிசியில இல்லாததை இருக்குன்னு சொல்லி வாங்கின கையெழுத்து, காகிதத்துல இருக்கலாம், சட்டத்துல இருக்காது. எல்லாக் காகிதத்தையும் மேஜை மேல வைங்க. அதுக்கு மேல உங்க லைசன்ஸையும் வைங்க. அதை மாநிலம்தான் குடுத்துது, மாநிலமே திருப்பி வாங்கிக்குது."

"அந்தம்மாவோட பொய்ச் சத்தியம்?" ஹாஸ்கலின் குரலில் இப்போது இஸ்திரி கலைந்திருந்தது. "பொய் சொன்னா பாலிசி செல்லாது. அதுவும் உங்க சட்டம்தான்!"

"ஏமாத்தற நோக்கத்தோட சொன்னாத்தான் செல்லாது." ஸெனோபி ஓடீலைப் பார்த்தாள். "மிஸ் ஓடீல், அந்தப் பொய்யால நீங்க என்ன சம்பாதிச்சீங்க?"

ஓடீலுக்குக் கேள்வியே புரியவில்லை. "சம்பாதிக்கறதா? இருந்த ஒரே சாட்சியைத் தொலைச்சேன்."

"கேட்டுக்கோங்க. அந்தப் பொய்யால லாபம் பார்த்தது உங்க கம்பெனி. மோசடின்னா அதை அங்கதான் தேடணும்." அவள் ஹாஸ்கலின் பக்கம் கையை நீட்டினாள். "இன்னொண்ணு. இவங்களுக்கு ஒரு தொகை குடுக்கலாம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. ஒத்துக்கிட்டதைக் கையெழுத்துக் கேக்காம இன்னிக்கே குடுக்கணும். மிச்சத்துக்குத்தான் சண்டை. செக்கை எழுதுங்க. டிரெய்லர் ராத்திரிக்குள்ள வந்தாகணும்."

அவன் எழுதினான். ஓடீல் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். சந்தோஷப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை. வாசலுக்கு நடந்தவள், வில்பர்ட் கோடரியைத் துணியில் சுற்றி முத்திரை குத்துவதைப் பார்த்து நின்றாள்.

"அதைத் திருப்பிக் குடுப்பீங்களா ஷா?"

"கேஸ் முடிஞ்சதும் நானே கொண்டு வந்து குடுக்கறேன்மா. மூலையைக்கூடத் தீட்டி வெக்கறேன்."

கூடத்து ரேடியோவில், வளைகுடாவில் உருவாகியிருக்கும் அடுத்த காற்றழுத்தத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடீல் அதைக் கொஞ்சம் கேட்டாள்.

"அவசரமில்ல," என்றாள். "அதை மாட்டறதுக்கு முதல்ல ஒரு கூரை வரட்டும்."